‘சேவ்’ அமுக்கியதும் மச்சான் கயிற்றைப் பிடிக்கிறான்

அந்தப் பொத்தானை இதுவரை எத்தனை தடவை அமுக்கியிருப்பேன்! வீடு மாறினால் கேஸ் கம்பெனிக்கு, நம்பர் மாறினால் பேங்க்குக்கு, முடி நரைத்தால் புதுப் போட்டோவுக்கு. படிவத்தைத் திறப்பது, பழையதை அழிப்பது, புதியதை அடிப்பது, கீழே ‘மாற்றங்களைச் சேமி’. ஒரு சின்னச் சக்கரம் சுற்றும். பிறகு பச்சைப் பட்டை: ‘வெற்றிகரமாகச் சேமிக்கப்பட்டது.’ அவ்வளவுதான். சமையற்கட்டில் என்ன நடந்தது என்று எட்டிப் பார்க்காமலே சாப்பிட்டு எழுந்துவிடுகிற விருந்தாளி மாதிரிதான் இத்தனை வருஷமும் இருந்திருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை எட்டிப் பார்த்துவிட்டேன். அன்றிலிருந்து எதிர்ப்படுகிறவர்களை எல்லாம் நிறுத்தி இதையே பேசிக்கொண்டிருக்கிறேன். இப்போது மாட்டியிருப்பது நீங்கள்.

இடம், மாப்பிள்ளையூரணி. தூத்துக்குடி மாநகராட்சியை ஒட்டினாற்போல் வடக்கே இருக்கிற ஊர். அங்கே அக்கா வீட்டு மாடி அறையில் அக்கா மகன் உட்கார்ந்து வெப் வேலை செய்கிறான். மொட்டைமாடியில் நின்றால் தூரத்தில் உப்பளம் கண்ணைக் கூசவைக்கும். அறைக்குள் இரண்டு திரை. இடது திரையில், அவன் பழகுவதற்காகத் தானே கட்டிய ஒரு சின்னத் தளத்தின் சுயவிவரப் படிவம். வலது திரை முழுக்கக் கறுப்பு. அதில் வெள்ளை எழுத்து வரிவரியாக ஓடும். அதுதான் சர்வரின் நாட்குறிப்பு. இங்கே நாம் தட்டுவதற்கு அங்கே, மும்பையில் அவன் வாடகைக்கு எடுத்த சர்வரில், என்ன நடக்கிறது என்பது அதில் தெரியும்.

“மாமா, இடது பக்கம் நாம பாக்குறது. வலது பக்கம் அது நம்மளப் பாக்குறது. எதையாவது மாத்துங்க. ஆனா சேவ அமுக்கிராதிய.”

பெயருக்குப் பின்னால் சும்மா ஒரு எழுத்தைச் சேர்த்தேன். மங்கிக் கிடந்த ‘சேவ்’ பொத்தான் சட்டென்று நீலமானது. எழுத்தை அழித்தேன். திரும்ப மங்கியது. சேர்த்தேன், நீலம். அழித்தேன், மங்கல். பத்துத் தடவையாவது செய்திருப்பேன். அக்கா காப்பியோடு வந்து பார்த்துவிட்டு, “சின்னப் புள்ள மாதிரி என்னத்தடா அமுக்கிட்டு இருக்க?” என்று கேட்டாள். படிவம் திறந்த அந்தக் கணமே பழைய விவரத்தை ஒரு படி எடுத்து மடியில் கட்டிக்கொள்கிறதாம். நாம் அடிக்கும் ஒவ்வொரு எழுத்துக்கும் மடியில் இருப்பதோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. வித்தியாசம் இருந்தால்தான் பொத்தானுக்கு உயிர். சேமிக்காமல் ஜன்னலை மூடப் போனால் ‘போகணுமா?’ என்று கையைப் பிடிப்பதும் இதே கணக்கில்தான்.

“இப்ப அமுக்குங்க.”

அமுக்கினேன். வலது திரையில் மடமடவென்று ஏழெட்டு வரிகள் விழுந்தன. இடது திரையில் பச்சைப் பட்டை. எல்லாம் அரை நொடிக்குள். “இன்னொருக்க, இன்னொருக்க!” என்று நான் கத்தியது கீழ் வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

அவன் ஒவ்வொரு வரியாக நிறுத்தி விளக்கினான். அவன் சொன்னது கம்ப்யூட்டர் பாஷை. எனக்குப் புரிந்தது முத்துச் சலாபம், அதாவது முத்துக்குளிப்பு. இந்தக் கரையில் வளர்ந்தவனுக்கு வேறு எப்படிப் புரியும்?

தூத்துக்குடிக் கடலில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். அந்தக் காலத்துக் குளியாளி காலில் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்குவான். வள்ளத்தில் ஒருவன் கயிற்றைப் பிடித்திருப்பான். கயிறு பிடிப்பவன் பெண்டாட்டியின் உடன்பிறந்தானாகத்தான் இருக்க வேண்டும் என்று இங்கே சொல்வார்கள். அக்காள் தங்கை தாலி அந்தக் கயிற்றில் அல்லவா தொங்குகிறது! மச்சானை நம்பித்தான் மாப்பிள்ளை கடலில் இறங்குவான்.

‘சேவ்’ அமுக்கியதும் நடப்பதும் அதுதான். நம் மாற்றம் ஒரு பொட்டலமாகி, தூத்துக்குடியிலிருந்து ஆயிரத்து இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் மும்பையில் முங்குகிறது. பிரவுசர் மச்சான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலே காத்திருக்கிறான். அந்தச் சின்னச் சக்கரம் சுற்றுவதற்கு அர்த்தம், ‘இன்னும் கயிறு அசையவில்லை’. அதிக நேரம் அசையாவிட்டால் மச்சான் பதறி இழுத்துவிடுவான். ‘மீண்டும் முயலவும்’ என்று சிவப்புப் பட்டை வரும். இதில் வேடிக்கை என்னவென்றால், உள்ளே போனவன் வேலையை முடித்துவிட்டு, பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். நாம் ஆகவில்லை என்று நினைத்து இரண்டாம் தடவை அமுக்குவோம். விலாசம் மாற்றுவது என்றால் பாதகமில்லை. அதே விலாசத்தை இரண்டு தடவை எழுதினாலும் விலாசம் ஒன்றுதான். பணம் அனுப்புவது என்றால்? அதனால்தான், பதில் வரும்வரையாவது இரண்டாம் அமுக்கு விழாதபடி, ஒருதரம் அமுக்கியதுமே பொத்தானை நல்ல தளங்கள் பூட்டிவிடுகின்றன.

பொட்டலத்தில் என்ன போகிறது என்பதிலும் இரண்டு வழக்கம். படிவம் முழுவதையும் வாரிக்கொண்டு போவது ஒன்று. மாறிய கட்டத்தை மட்டும் கொண்டுபோவது இன்னொன்று. அதற்கு ‘பேட்ச்’ என்று பெயர், 2010-ல் இணைய விதிகளில் சேர்ந்தது. கிழிந்த இடத்தில் மட்டும் ஒட்டுப்போடுவது.

சரி, பொட்டலம் போய்ச் சேர்ந்தது. அங்கே வாசலிலேயே நிறுத்துகிறார்கள். நீ யார், உள்ளே வரச் சீட்டு இருக்கிறதா, இந்தப் படிவம் நாங்கள் கொடுத்ததுதானா, வேறெவனாவது உன் பெயரில் அனுப்பியதா? இவ்வளவும் முடிந்தபிறகு சல்லடை.

முத்து தரம் பிரிக்கப் பத்துப் பித்தளைச் சல்லடை வைத்திருந்தார்கள், தெரியுமா? முதல் சல்லடையில் 20 ஓட்டை; பிறகு 30, 50, 80, 100, 200, 400, 600, 800; கடைசியில் 1000. ஓட்டை கூடக் கூட அளவு சிறுக்கும். பெரிய முத்து முதல் சல்லடையிலேயே தங்கிவிடும். பொடிசு ஆயிரம் ஓட்டை வரைக்கும் இறங்கி வரும். சர்வரும் இப்படித்தான் நம் ஒவ்வொரு கட்டத்தையும் அரிக்கிறது. போன் நம்பருக்குப் பத்து இலக்கம் உண்டா? பின்கோடு ஆறு இலக்கமா? இந்த மெயிலை ஏற்கெனவே வேறொருவர் வைத்திருக்கிறாரா? பிறந்த தேதி நாளைக்கு இல்லையே?

“ஏலே, இதெல்லாம் என் பிரவுசரே முன்னாடி பாத்துட்டு சிவப்புக் கோடு போடுதே. திரும்ப எதுக்கு?”

“முன்னாடி பாக்குறது உங்க வசதிக்கு மாமா. பின்னாடி பாக்குறது எங்க உசுருக்கு.”

ஏன் என்பதற்கு அவன் சொன்ன இரண்டு கதையும் சினிமா. 2005 அக்டோபரில் மைஸ்பேஸ் தளத்தில் சாமி கம்கார் என்கிற பத்தொன்பது வயதுப் பையன் தன் சுயவிவரப் படிவத்தில் வாசகத்தோடு ஒரு நிரல் துண்டையும் செருகிச் சேமித்தான். தளத்தின் சல்லடை அதைக் கோட்டைவிட்டது. அவன் பக்கத்தைப் பார்த்தவர் எல்லோரும் அவர்களை அறியாமலே அவனுக்கு நண்பர் ஆனார்கள். அவர்கள் பக்கத்திலும் அந்தத் துண்டு ஒட்டிக்கொண்டது. ஒரே நாளுக்குள் பத்து லட்சம் பேர்! மைஸ்பேஸ் கடையையே கொஞ்ச நேரம் சாத்த வேண்டி வந்தது. ஒரு சுயவிவரக் கட்டத்தின் கைங்கரியம்.

மற்றது 2012 மார்ச், கிட்ஹப். நிரலாளர்களின் கோயில் என்றே சொல்லலாம். அங்கே ஒரு ரஷ்ய இளைஞர், படிவத்தில் இல்லாத ஒரு கட்டத்தைத் தானே பொட்டலத்தில் சேர்த்து அனுப்பினார். சர்வர், வந்ததை எல்லாம் அப்படியே எழுதிக்கொண்டது. அவருக்குத் திறக்கக்கூடாத வீட்டுச் சாவி கிடைத்துவிட்டது. படிவத்தில் ஐந்து கட்டம் இருந்தால் அந்த ஐந்தை மட்டும் எடு, ஆறாவதைக் கடலில் போடு. இன்றைக்கு இது பாலபாடம்.

இதுவரை பார்த்தது உலகத்துக்குப் பொது. எனக்குக் கிறுக்குப் பிடித்தது இதற்குப் பிறகுதான்.

ஊர்ப் பெயரைத் தமிழில் அடிக்கச் சொன்னான். மாப்பிள்ளையூரணி என்று அடித்தேன். “எத்தனை எழுத்து மாமா?” விரல் விட்டு எண்ணினேன்: மா, ப், பி, ள், ளை, யூ, ர, ணி. எட்டு. வலது திரையைக் காட்டினான். 15 என்றிருந்தது. கம்ப்யூட்டருக்கு ‘மா’ ஒரு எழுத்து இல்லை. ம தனி, கால் தனி. ‘ப்’ கூட இரண்டு: ப ஒன்று, புள்ளி ஒன்று. பக்கத்தில் இன்னொரு எண், 45. யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். பதினைந்து மும்மூன்று நாற்பத்தைந்து. (அந்த முறையை 1992-ல் நியூஜெர்சி உணவகம் ஒன்றில், மேஜை விரிப்புக் காகிதத்தில் கென் தாம்சனும் ராப் பைக்கும் வரைந்தார்களாம். சாப்பாட்டுத் தாளில் பிறந்தது இன்று நம் ஊர்ப் பெயரைச் சுமக்கிறது!) ஆக, ‘ஊர்: அதிகபட்சம் 30’ என்று ஒருவர் பைட் கணக்கில் கட்டம் அடைத்துவிட்டால், எட்டே எழுத்துள்ள ஊருக்கு இடம் பற்றாது. மாப்பிள்ளை வாசலிலேயே நிற்க வேண்டியதுதான்.

இதைவிட மோசம், ‘பெயரில் எழுத்துகள் மட்டுமே வரலாம்’ என்கிற சல்லடை. நியாயமாகத்தானே தெரிகிறது? ஆனால் யுனிகோடு பட்டியலில் ம, ப, ள எல்லாம் ‘எழுத்து’ வகை. கால், கொம்பு, புள்ளி எல்லாம் ‘குறி’ வகை. அந்தச் சல்லடை புள்ளியைக் கண்டதும் ‘தவறான பெயர்’ என்று துப்பிவிடும். எழுத்துக்குத் தலையில் புள்ளி வைத்தால் மெய் என்று தொல்காப்பியம் இலக்கணம் சொன்ன மொழியில், புள்ளி வைத்த குற்றத்துக்குப் பெயர் செல்லாது!

அடுத்தது கொற்கை. பாண்டியர் காலத்து முத்துத் துறைமுகம், இதே மாவட்டத்தில் இன்றும் சிற்றூராக இருக்கிறது. ‘கொ’ என்பதைக் கம்ப்யூட்டரில் இரண்டு விதமாக எழுதலாம்: க-வோடு ஒகரக் குறியை ஒரே துண்டாகச் சேர்க்கலாம், அல்லது கொம்பும் காலும் தனித்தனியாகச் சேர்க்கலாம். திரையில் இரண்டும் அச்சு அசல் ஒன்றுதான். பையன் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ‘சமமா?’ என்று கேட்டான். கம்ப்யூட்டர் ‘இல்லை’ என்றது. நான் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். இல்லைதான்! ஒருவர் ஒரு விசைப்பலகையில் அடித்துச் சேமித்த கொற்கையை, இன்னொருவர் வேறொரு விசைப்பலகையில் அடித்துத் தேடினால் கிடைக்காது. கடல் விலகிப் போய் மண்ணுக்குள் மறைந்த துறைமுகம், டேட்டாபேஸுக்குள்ளும் ஒருதரம் மறைகிறது. சேமிக்கும் முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் சிக்கல் தீர்ந்தது. நிரலில் அதற்கு ஒரு வரி போதும். அந்த ஒரு வரியை மறந்தவர்கள் ஏராளம்.

பிறகு அவன் ஒரு பழைய டேட்டாபேஸைத் திறந்தான். கண்ணில் விஷமம். “மாமா, ‘என்னைப் பற்றி’ கட்டத்துல ஒரு சிப்பி எமோஜி போட்டு எழுதுங்க.” எழுதினேன்: ‘முத்துக்குளித்துறையில் பிறந்தவன்’, ஒரு சிப்பிப் படம், ‘எழுத்தாளன்’. சேவ். பச்சைப் பட்டை. ‘வெற்றிகரமாகச் சேமிக்கப்பட்டது.’ பக்கத்தை ரெஃப்ரெஷ் செய்தான். ‘முத்துக்குளித்துறையில் பிறந்தவன்’ என்று மட்டும் இருந்தது. சிப்பியைக் காணோம். எழுத்தாளனையும் காணோம்.

அவன் விழுந்து விழுந்து சிரிக்கிறான். மைசீக்குவல் என்கிற புகழ்பெற்ற டேட்டாபேஸில் ‘யுடிஎஃப்8’ என்று பெயர் வைத்த பழைய முறை, குறிக்கு மூன்று பைட்தான் ஏற்கும். தமிழ் மூன்று பைட். கழுத்தளவு தண்ணீரில் தப்பித்துக்கொள்கிறது. சிப்பி எமோஜி நான்கு. டேட்டாபேஸ் கண்டிப்பு தளர்ந்த நிலையில் ஓடினால், நான்கு பைட் கண்ட இடத்தில் வாக்கியத்தை வெட்டிவிட்டு, எச்சரிக்கையை உள்ளுக்குள் முணுமுணுத்துவிட்டு, எல்லாம் சுகம் என்கிறது. 2010-ல் நான்கு பைட் ஏற்கும் புதிய முறை வந்துவிட்டது. மாறாத பழைய அட்டவணைகளில் இன்றும் சிப்பிகள் எழுத்தாளர்களை விழுங்கிக்கொண்டிருக்கின்றன.

என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். சிவப்புப் பட்டை அவமானமே இல்லை. பொய்யான பச்சைப் பட்டைதான் அவமானம்.

படிவத்தின் மேல்பக்கத்துக்கு வருவோம். ‘முதல் பெயர்’, ‘கடைசிப் பெயர்’. இரண்டிலும் சிவப்பு நட்சத்திரம், கட்டாயம். என்னிடம் இருப்பது ஒரு பெயரும் ஒரு இனிஷியலும். கடைசிப் பெயர் கட்டத்தில் இனிஷியலைப் போட்டால் ‘குறைந்தது இரண்டு எழுத்து வேண்டும்’ என்கிறது. புள்ளி வைத்தால் கோபிக்கிறது. அப்பா பெயரைப் போட்டால் மெயிலில் ‘அன்புள்ள’ என்று அப்பாவை அழைக்கிறது. அவர் காலமாகிப் பல வருஷமாகிறது. தமிழர்கள் ஆளுக்கு ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறோம். அதே பெயரை இரண்டு கட்டத்திலும் போட்டு இரட்டையராகத் திரிகிறவர்களை எனக்கே தெரியும்.

இந்தக் கரையின் விசேஷம், பாதிப் பேருக்கு இந்தத் தொல்லை கிடையாது. 1530-களில் போர்த்துக்கீசியரிடம் பரதவர்கள் ஞானஸ்நானம் பெற்றபோது, பெயரோடு குடும்பப் பெயரும் வந்து சேர்ந்தது. கடைசிப் பெயர் கட்டத்தை அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு நிரப்புவார்கள். அவர்களுக்கு வேறு தொல்லை: பர்னாந்து, பெர்னாந்து, பெர்னாண்டோ, பெர்னாண்டஸ் என்று ஒரே குடும்பத்தில் ரேஷன் கார்டில் ஒன்று, பள்ளிச் சான்றிதழில் ஒன்று. எந்தச் சல்லடையும் இவற்றை ஒரே முத்து என்று ஒத்துக்கொள்ளாது.

சிரிப்பாக இருக்கிறதே தவிர, இது வயிற்றில் கை வைத்த நாளும் உண்டு. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் விசிட் விசாவில் உள்ளே விடமாட்டோம் என்று 2022 நவம்பர் 21 முதல் ஐக்கிய அரபு அமீரகம் நடைமுறைப்படுத்தியது. வளைகுடாவுக்கு ஆள் அனுப்புகிற நம் பக்கத்து ஊர்களில், காலியாக விட்ட ஒரு கட்டத்துக்காக எத்தனை பேர் அலைந்தார்கள்! அப்பா பெயர் பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் இருந்தால் போதும் என்று பிறகு தளர்த்தினார்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம்; பிறந்த தேதியை ஒரே முறை. அங்கே ‘சேவ்’ அமுக்கினால் மாறிவிடாது. கோரிக்கை எண் ஒன்று கையில் வரும், பிறகு காத்திருக்க வேண்டும்.

எங்கே விட்டேன்? சல்லடை தாண்டியாயிற்று. இனி எழுத வேண்டும். ‘கமிட்’ என்று ஒரு வரி வலது திரையில் வந்தது. அதன் அர்த்தத்தைக் கேட்டதும் எனக்குச் சித்தப்பா கடை ஞாபகம் வந்துவிட்டது. கல்லாவுக்குப் பக்கத்தில் சிட்டை; அலமாரியில் பேரேடு. நடந்தது நடந்தபடி முதலில் சிட்டையில் ஏறும். ராத்திரி சாவகாசமாகப் பேரேட்டில் பெயர்வாரியாக ஏற்றுவார். நடுவில் கரண்ட் போனாலும், பேரேட்டைக் கறையான் தின்றாலும், சிட்டை இருந்தால் கணக்கைத் திரும்ப எழுதிவிடலாம். டேட்டாபேஸும் அப்படியேதான்! மாற்றத்தை முதலில் ஒரு சிட்டையில் எழுதி, அது வட்டில் பதிந்தது உறுதியான பிறகுதான் ‘ஆயிற்று’ என்று சொல்கிறது. பேரேட்டில் பின்னால் ஏறும். எங்கள் சித்தப்பா கம்ப்யூட்டர் படித்ததில்லை.

ஒரே ஒரு விபத்தை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்துகிறேன். பையன் தன் போனிலும் அதே படிவத்தைத் திறந்தான். நான் இங்கே ஊர்ப் பெயரை மாற்றினேன். அவன் அங்கே போன் நம்பரை மாற்றினான். நான் முதலில் சேவ், அவன் பிறகு சேவ். இருவருக்கும் பச்சைப் பட்டை. திறந்து பார்த்தால் என் ஊர் பழையபடி. அவன் பொட்டலம் படிவம் முழுவதையும் வாரிக்கொண்டு போயிருக்கிறது. அதில் இருந்த பழைய ஊர் என் புதிய ஊரின் மேல் உட்கார்ந்துவிட்டது. இதற்கு மருந்து ஒரு எண். ஒவ்வொரு சேமிப்புக்கும் விவரத்தின் எண் ஒன்று கூடும். ‘நான் ஆறாம் எண்ணைப் பார்த்துத் திருத்தினேன்’ என்று பொட்டலம் சொல்ல வேண்டும். அதற்குள் ஏழு ஆகியிருந்தால் சர்வர் ‘409, மோதல்’ என்று திருப்பி அனுப்பிவிடும்.

மாவட்டத்துக்கும் ஒரு சுயவிவரம் இருந்தால் எத்தனையாவது எண்ணில் இருக்கும் என்று யோசித்துக்கொண்டே மாடி இறங்கினேன். 1986 அக்டோபர் 20-ல் திருநெல்வேலியிலிருந்து பிரிந்தபோது பெயர் சிதம்பரனார் மாவட்டம். 1997-ல் தூத்துக்குடி மாவட்டம். ஆங்கிலத்தில் டூட்டிகோரின் என்று இருந்தது தூத்துக்குடி ஆயிற்று. 2020 ஜூனில் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி ஆணையிட்டது; தூத்துக்குடிக்கு நடுவில் இன்னும் சில எழுத்துகள் கூடின. சில நாட்களிலேயே அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது. 1,018 வரிகளுக்கும் ஒரே நேரத்தில் ‘அன்டூ’! விமான நிலையத்தின் மூன்றெழுத்துக் குறி மட்டும் இன்னமும் பழைய டூட்டிகோரினைச் சொல்லி டி.சி.ஆர். என்றே இருக்கிறது.

இதைப் படிக்கிறவர்களில் படிவம் கட்டுகிற தம்பி தங்கைகள் இருந்தால் ஒரு விண்ணப்பம். அடுத்த தடவை உங்கள் சேவ் பொத்தானைச் சோதிக்கும்போது, ஊர் கட்டத்தில் மாப்பிள்ளையூரணி என்றும், பிறந்த இடத்தில் கொற்கையை இரண்டு விதமாகவும், ‘என்னைப் பற்றி’யில் நடுவில் ஒரு சிப்பியும் போட்டுப் பாருங்கள். கடைசிப் பெயரை வெறுமையாக விடுங்கள். அதற்குப் பிறகும் பச்சைப் பட்டை வந்தால், பக்கத்தை ஒருதரம் ரெஃப்ரெஷ் செய்து, எழுத்தாளன் இருக்கிறானா என்று பார்த்துவிடுங்கள்.